இருப்பு: ஒன்று

பரமகுரு, வயது இருபத்துமூன்று, சொந்த ஊர் சாத்தூர், தற்போது இருப்பது நிலவின் தென்முனை, மூன்றாம் கிடங்கு. வீட்டுக்கு அரை வரி அனுப்ப வேண்டுமென்றாலும் இந்த நான்கையும் முதலில் வாயால் சொன்னால்தான் குரல்தட்டச்சு அவனுக்குக் காது கொடுக்கும். கிடங்கில் கைக்கு மூன்று அடுக்கு உறை. விரலால் எழுத்தைத் தட்ட வழியில்லை. அவன் பேசுவான், பேச்சு எழுத்தாகும், எழுத்து பூமிக்குப் போகும். சாத்தூரில் அவன் அக்கா சங்கரேஸ்வரியின் போன் அதை மறுபடியும் குரலாக்கி அவளுக்கு வாசித்துக் காட்டும்.

சங்கரேஸ்வரி படிக்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். பதினோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவள். பரம்பரையாக வரும் ஒரு கோளாறில் இரண்டு கருவிழியும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டன. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. இறந்தவர்கள் கொடுத்த கருவிழியை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "நிலாவுல விளையுறது ஒண்ணுதாம்மா பாக்கி. அதுவும் இந்த மாசத்துக்குள்ள. அதுக்கப்புறம் ரத்தக்குழாய் படர்ந்துருச்சுன்னா எதை வச்சாலும் ஒட்டாது" என்று டாக்டர் சொல்லி இருபது நாள் ஆகிறது.

அந்த நிலாப் பயிர்தான் மூன்றாம் கிடங்கின் சரக்கு. வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிய, கண்ணாடி போன்ற கருவிழிகள். பூமியில் வளர்த்தால் தன் எடைக்கே தொய்ந்து சுருக்கம் விழுந்துவிடுமாம். நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு, அதனால் ஒரு சுருக்கமும் இல்லாமல் விரிகிறது. யார் உடம்பும் அதை அந்நியம் என்று தள்ளுவதில்லை. ஆனால் ஒரு பயிர் விளைய மூன்று மாதம். ஒரு பயிருக்கு நானூறு சொச்சம்தான்.

வந்த முதல் வாரம் பரமகுரு அந்தக் குப்பிகளைப் பார்த்து நின்றதைவிட, சுவரில் ஓடும் பலகையைப் பார்த்து நின்றதுதான் அதிகம். ஒரே சரக்கை ஒன்பது கடைகள் விற்கின்றன. பூமியில் ஐந்து, பூமியைச் சுற்றும் நிலையங்களில் இரண்டு, நிலவில் ஒன்று, செவ்வாயில் ஒன்று. எல்லாம் இணையக் கடைகள். சரக்கு இருப்பதோ இந்த ஒரே அலமாரியில். எந்தக் கடையில் ஒன்று விற்றாலும் மற்ற எட்டுக் கடையிலும் ஒன்று குறைய வேண்டும். இல்லாவிட்டால் இல்லாததை விற்றதாகிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளும் எந்திரத்துக்கு 'சமன்' என்று பெயர். எங்கோ ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி ஒரு கருவிழியை வாங்கும். பலகையில் அந்தக் கடையின் எண் ஒன்று இறங்கும். கண் இமைப்பதற்குள் பக்கத்து எண்கள் வரிசையாக இறங்கும், காற்றில் வயல் சாய்கிற மாதிரி. கடைசிப் பத்தி மட்டும் அசையாமல் நிற்கும். அது செவ்வாய். சேதி அங்கே போய்ச்சேர அன்றைய தேதிக்கு ஒன்பது நிமிடம், திரும்பிவர இன்னொரு ஒன்பது.

"அப்ப நாம பாக்குற செவ்வாய் நம்பர் எப்பவுமே பழசா?" என்று முதல் நாள் கேட்டான்.

"ஓம். அவையள் பாக்கிற எங்கட நம்பரும் பழசுதான்" என்றாள் துவாரகா. யாழ்ப்பாணத்துக்காரி. ஆர்டர் வருவதைப் பார்க்கும் மேசை அவளுடையது. "சமன் எண்டு பேர் வச்சவனுக்கு நல்ல பகிடி தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தாள்.

செவ்வாய்க்காகவே ஒரு விதி இருந்தது. அலமாரியில் ஒரே ஒரு பீஸ் மிஞ்சும்போது சமன் ஒன்பது கடையிலும் பூஜ்யம் என்று காட்டிவிடும். 'நிறுத்து' என்ற சேதி செவ்வாய்க்குப் போக வேண்டும், 'நிறுத்திவிட்டோம், இடையில் எதுவும் விற்கவில்லை' என்ற பதில் வர வேண்டும். அதுவரை பதினெட்டு நிமிடம் எங்கும் விற்பனை கிடையாது. கிடங்கு ஆட்கள் அதை 'மூச்சு' என்பார்கள். மூச்சு முடிந்ததும் கடைசிப் பீஸ் எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் திறக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளின் எந்திரங்கள் அதைக் கொத்திக்கொண்டு போய்விடும். போனைக் காதில் வைத்து, கடை சொல்வதைக் கேட்டு, தடவித் தடவி அழுத்துகிற ஒருத்திக்கு அதில் வாய்ப்பே இல்லை.

ஆனால் சரக்கை எடுத்துக் கட்டும் அலமாரிக்காரன் கையில், அதாவது பரமகுருவின் கையில், ஒரு திறப்புப் பொத்தான் இருந்தது. செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் மறைந்து பேச்சே இல்லாத வாரங்களில் பயன்படுத்தக் கொடுத்தது. மூச்சின் நடுவே ஏதாவது ஒரு கடையை மட்டும் கையால் திறக்கலாம். அந்த எந்திரங்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் கடையை எட்டிப் பார்க்கும். பத்து நொடி திறந்து மூடினால், முன்கூட்டியே தெரிந்து வாசலில் காத்திருக்கிறவருக்குத்தான் அது கிடைக்கும். கிடங்கில் இதற்கு 'வீட்டு ஜன்னல்' என்று பெயர். மற்றக் கிடங்குகளிலும் ஆளுக்கு ஒருமுறையாவது திறந்திருக்கிறார்கள். மாமியாருக்கு மூட்டுத் தகடு, நண்பனின் குழந்தைக்குக் காதுக் கருவி. இந்தப் பழக்கம் தொடங்கிய பதினாலு மாதத்தில் ஒருமுறைகூட செவ்வாய் அந்த இடைவெளியில் எதையும் வாங்கவில்லை. அதனால் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

அன்று இந்திய நேரம் மாலை நாலு ஒன்றுக்கு ஏழரை மில்லிமீட்டர் அளவில் இரண்டாக இருந்த இருப்பு ஒன்றாயிற்று. செவ்வாயைத் தவிர எட்டுக் கடையிலும் பூஜ்யம் விழுந்தது. பரமகுருவின் நெஞ்சு அடித்துக்கொண்டது தலைக்கவசத்துக்குள் அவனுக்கே கேட்டது. அக்காவுக்குச் சொன்ன அளவும் அதே ஏழரைதான். எழுத்துக்குக் காத்திராமல் அவளை நேராகக் கூப்பிட்டான்.

"க்கா, போன கையில வச்சிருக்கியா?"

மூன்று நொடி. அவன் குரல் போய், அவள் குரல் வர எப்போதும் அவ்வளவு ஆகும்.

"ரேசன் கடை வரிசையில நிக்கிறேன்டா. என்ன?"

"வெளிய வா. மூணாம் நம்பர் கடையத் திற. டாக்டர் குடுத்த சீட்டு நம்பர ஏத்தியாச்சுல்ல? நாலு பத்துக்கு நான் இப்பன்னு சொல்லுவேன். உடனே அமுக்கு. இல்லைன்னு சொன்னாலும் அமுக்கிட்டே இரு."

"பூஜ்யம்னு வாசிக்குது குரு."

"அது அப்படித்தான் வாசிக்கும். நீ நில்லு."

நாலு பத்து. அவன் திறந்தான். "இப்ப." ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது நொடியில் பலகையின் மூன்றாவது பத்தியில் விற்பனை என்று பச்சை விழுந்தது. மூடினான்.  போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"கிடைச்சிருச்சுன்னு சொல்லுதுடா. வாழ்த்துகள்ங்குது. டே, எனக்கு ஒரு பொம்பள வாழ்த்துச் சொல்றாடா."

"மிசின்க்கா அது."

"இருக்கட்டும்டா. சொன்னாள்ல."

அவன் குப்பியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. விளக்கைச் சாய்த்தால் மட்டும் ஒரு வட்டம் மினுங்கியது. இதன் வழியே அக்காவுக்குப் பஸ் ஸ்டாண்ட் தெரியும், எங்கள் தெரு தெரியும், நான் இறங்கி வரும்போது என் முகம் தெரியும் என்று நினைத்தான்.

நாலு பதினாலுக்குத் துவாரகா கூப்பிட்டாள்.

"குரு, இஞ்ச ஒருக்கா வாரும்."

"பேக்கிங்ல இருக்கேன்."

"பேக் பண்ணாதேயும். வாரும்."

அவள் திரையில் ஒரே ஒரு வரி. செவ்வாய்க் கடை, ஏழரை மில்லி, ஒரு பீஸ், விற்பனை முடிந்தது. நேரம் நாலு ஐந்து.

பரமகுரு அதை இரண்டு முறை படித்தான். "நாலு அஞ்சா? பூஜ்யம் விழுந்தது நாலு ஒண்ணுக்கு."

"எங்களுக்கு நாலு ஒண்டு. 'நிறுத்து' அங்க போய்ச் சேர்ந்தது நாலு பத்துக்கு. அதுவரைக்கும் அவையின்ர கடையில ரெண்டு எண்டுதான் நிண்டிருக்கும். ஒருத்தர் வாங்கியிருக்கிறார். அந்தச் சேதி இப்பதான் இஞ்ச வந்து சேருது. உதுக்குத்தானே மூச்சு வச்சிருக்கு." அவள் அவன் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். "நீர் ஜன்னல் திறந்தனீரோ?"

"பத்து செகண்டு."

"யாருக்கு?"

"அக்காவுக்கு."



அவனுக்கு வியர்த்தது. கூடவே, சம்பந்தமே இல்லாமல், ஒரு பிரமிப்பு வந்தது. நாலு பத்துக்கு அவன் விரல் திறப்பை அழுத்தியபோது அந்த ஆர்டர் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டிருந்தது. எந்தச் சத்தமும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல், கோடிக்கணக்கான கிலோமீட்டர் இருட்டில், ஒரு வரி வெளிச்சமாக இந்தக் கிடங்கைப் பார்த்து வந்துகொண்டிருந்திருக்கிறது. இன்னும் நாலே நிமிடம். அவன் அக்கா அழுதபோதும், அவன் குப்பியைச் சாய்த்துப் பார்த்தபோதும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"அப்ப அவங்கதான முந்தி? நாலு அஞ்சு, நாலு பத்து" என்றான்.

"எங்கட மணிக்கூட்டுக்கு அவை முந்தி. ஆனா அது ஒரு கணக்கே இல்லையாம்." துவாரகா நாற்காலியைத் திருப்பினாள். "பயிற்சியில சொன்னவை, நீர் நித்திரை கொண்டிருப்பீர். அங்க வித்ததுக்கும் நீர் திறந்ததுக்கும் நடுவில அஞ்சு நிமிசம். சேதி ஓட ஒன்பது நிமிசம் வேணும். ஒண்டு நடந்தது மற்றதுக்குத் தெரிஞ்சிருக்கவே ஏலாது. இப்பிடி இருந்தா எது முந்தினது எண்டு கேக்கிறதே பிழை. வேகமாப் போற ஒரு கப்பல்ல இருந்து பாக்கிறவனுக்கு உம்மட அக்கா முந்தி. இன்னொரு பக்கம் போறவனுக்கு அவை முந்தி. ரெண்டு பேரும் சரி."

"அப்ப 'ஒரே நேரம்'னு ஒண்ணு கிடையாதா?"

"ஒரு கிடங்குக்குள்ள இருக்கு. அதுக்கு வெளியில இல்லை."

அவன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். ஒன்பது பத்தி, ஒன்பது எண், ஒரே இருப்பு. இத்தனை மாதம் அது முழு உண்மை என்று நம்பி வாய்பிளந்து நின்றிருக்கிறான்.

"சமன் என்ன சொல்லுது?"

"அது கதைக்காது. மனிசர் உடம்புக்குள்ள போற சாமானெண்டா ரெண்டு பேருக்குள்ள ஒராளை எந்திரம் தெரிவு செய்யக் கூடாதெண்டு சட்டம். அலமாரியில நிக்கிறவர் பேர் போட வேணும்." அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "நீர்தான்."

இரண்டு ஆர்டரும் அருகருகே நின்றன. இடது பக்கம் சங்கரேஸ்வரி, வயது முப்பத்து நான்கு. வலது பக்கம் பெயர் இல்லை. தாயின் எண் மட்டும் இருந்தது. வயது என்ற இடத்தில் எண் இல்லாமல் ஒரு வாசகம்: 'இன்னும் பிறக்கவில்லை. ஐந்து மாதம் உள்ளது.'

"இது என்ன?"

"வயித்தில பாத்திருக்கினம். ரெண்டு கண்ணும் வெள்ளை." துவாரகா குரலைத் தாழ்த்தினாள். "கப்பல் போய்ச் சேர ஏழு மாசம். அப்ப பிள்ளைக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். அதுக்குத்தான் இப்பவே வாங்கினது."

பரமகுரு அந்த வாசகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் திறக்காத ஒரு கண். அது திறக்கும் நாளைக் குறித்து வைத்து, இரண்டு உலகத்துக்கு நடுவே யாரோ கணக்காகக் கையை நீட்டியிருக்கிறார்கள். அலமாரிக்காரனாக அவன் எத்தனையோ பெயர்களுக்கு அனுப்பியிருக்கிறான். பெயரே இல்லாத ஒருவர் அவனிடம் சாமான் கேட்டதில்லை.

"அடுத்த பயிர்ல அனுப்பலாம்ல?"

"ஒன்பது நாளில கப்பல். அதை விட்டா இருபத்தாறு மாசம். அவ்வளவு காலம் வெளிச்சம் காணாத பிள்ளைக்கு மூளை பார்வையைப் பழகாதாம். பிறகு கண்ணை வச்சும் பிரயோசனமில்லை." அவள் எழுந்தாள். "நான் தேத்தண்ணி போடப் போறன். நீர் எதைப் போட்டாலும் நான் பாக்கேல்லை. ஜன்னலும் எனக்குத் தெரியாது."

அவன் தனியாக நின்றான். அக்காவின் பெயரைத் தொட்டால் முடிந்தது. கேட்பவர் யாருமில்லை. தொடாமல் போனை எடுத்தான். முதலில் எதையோ பேசி, கடைசியில் எல்லாவற்றையும் சொன்னான். சங்கரேஸ்வரி குறுக்கே பேசவில்லை. மூன்று நொடி ஆனது.  தூரத்தில் ரேசன் கடையில் யாரோ பாமாயில் தீர்ந்துவிட்டது என்று கத்துவது கேட்டது.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்ற?" என்றாள்.

"நீ என்ன சொல்றன்னு..."

"நான் வேணாம்னு சொல்லணுமா? அந்தப் பிள்ளைக்கே குடுத்துருடா தம்பின்னு சொல்லி நான் பெரிய மனுசியாகணும், நீ நிம்மதியாத் தூங்கணும். அதான?"

"அப்படி இல்லக்கா."

"நான் வேணாம்னு சொல்ல மாட்டேன் குரு. எனக்கு வேணும். வெளக்கு எரியுறது தெரியுது, வெளக்கு தெரியல. இருபது நாளா காதாலயே கடை கடையாத் தேடுறேன்." அவள் மூச்சு வாங்கினாள். "அதுக்காக எனக்கே குடுன்னும் சொல்ல மாட்டேன். பெறகு ஒவ்வொரு தடவ கண்ணத் தொறக்கையிலும் அந்தப் பிள்ள ஞாபகம் வரும். ஜன்னல நீ தொறந்த. நீயே பாத்து முடி. எங்கிட்ட ஏத்தாத."

இணைப்பு போய்விட்டது. அவள்தான் வைத்தாள். அக்கா தானாகப் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அவன் வெகுநேரம் நிற்கவில்லை. யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அவன் மட்டும் பேசாமல் மூச்சைப் பிடித்து நின்றிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அந்த ஒரு வரி வெளிச்சம் வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு போயிருக்கும். அக்காவுக்குப் பூஜ்யம் என்பது மட்டும் தெரிந்திருக்கும். கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பிடுங்கியது அவன் செய்தது. வலது பக்கத்தைத் தொட்டான். இடது பக்க வரி சாம்பல் நிறமாகி 'ரத்து' என்றது. சாத்தூரில் அதே பெண் குரல் இப்போது வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கும்.

குப்பியைச் செவ்வாய்ப் பெட்டியில் வைத்து மூடினான். 

துவாரகா இரண்டு உறிஞ்சுபையில் தேநீரோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். ஒரு பையை அவனிடம் நீட்டினாள்.

"இந்தப் பயிர்ல மொத்தம் எத்தன போச்சு?" என்று கேட்டான்.

"நானூற்றிப் பன்னிரண்டு."

"எத்தன கண்ணுல வச்சாச்சு?"

அவள் தேடிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். "இருநூற்று எழுபது சொச்சம். மிச்சத்துக்கு 'பொருத்தியாச்சு' எண்டு சேதி வரேல்லை."

"மீதி?"

"எங்கயோ குளிர்ப்பெட்டியில இருக்கும். எந்தக் கடையைத் திறந்தாலும் ஒரே நேரத்தில பூஜ்யம் எண்டு காட்டினா ஆர்தான் பயப்பிடாயினம்? அடுத்த முறை கிடைக்காதெண்டு கைக்கு ஒண்டு வாங்கி வைக்கிறது. நாங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு சரியாக் காட்டுறமோ, அவ்வளவுக்கு அவ்வளவு பதுக்குகினம்."

நூற்று நாற்பது கண்கள். அலமாரியில் ஒன்றுமில்லை, உலகத்தில் நூற்று நாற்பது. பரமகுரு பலகையைப் பார்த்தபடி நின்றான். சமன் எண்ணை மட்டும் கொண்டுபோவதில்லை. சரக்கின் பெயர், படம், விளக்கம் எல்லாவற்றையும்தான் ஒன்பது கடைக்கும் ஒரே மாதிரி கொண்டுபோய் வைக்கிறது. இங்கே ஒரு எழுத்து மாறினால் எட்டுக் கடையில் இரண்டு நொடிக்குள் மாறும். ஒன்பதாவதில் ஒன்பது நிமிடம்.

"விளக்கத்த மாத்த யார் அனுமதி வேணும்?"

"ரெண்டு பேர். அலமாரியும் ஓடர் மேசையும்." அவளுக்குப் புரிந்துவிட்டது. "குரு, அனுமதியில்லாமல் ஒரு புள்ளி வச்சாலே அடுத்த கப்பல்ல ஊருக்கு ஏத்திவிடுவினம்."

"தெரியும். உங்களையும் ஏத்துவாங்க. வேணாம்னா சொல்லிருங்க, இதோட விட்டுர்றேன்."

துவாரகா தேநீரை ஒரு இழுப்பு இழுத்தாள். "கோதாரி விழுந்த தேத்தண்ணி" என்று திட்டினாள். "உதைக் குடிச்சுக் குடிச்சு எனக்கும் வீட்ட போக வேணும் போலதான் கிடக்கு." தன் பெயரைச் சொல்லி ஒப்புதல் கொடுத்தாள்.

அவன் விளக்கம் என்ற கட்டத்தைத் திறந்தான். அதிலிருந்த விட்டம், பருமன், வெப்பநிலை எல்லாவற்றையும் அழித்தான். அக்காவோடு பேசுகிற மாதிரியே பேச ஆரம்பித்தான். வாய் குழறிய இடத்தில் நிறுத்தி மறுபடி சொன்னான். முடித்ததும் பலகையைப் பார்த்தான். பூமியின் ஐந்து பத்தியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒருமுறை மினுங்கின. நிலையங்கள் இரண்டும் மினுங்கின. கடைசிப் பத்தி அசையாமல் நின்றது. அந்த வார்த்தைகள் இருட்டுக்குள் இறங்கிவிட்டன. இன்னும் பிறக்காத ஒருவரின் வீட்டை நோக்கியும் அவை போய்க்கொண்டிருந்தன. 

அந்தக் கணத்திலிருந்து, செவ்வாயில் மட்டும் ஒன்பது நிமிடம் கழித்து, ஒன்பது கடையில் எதைத் திறந்து அந்தச் சரக்கைத் தேடினாலும் இதுதான் இருந்தது:

கருவிழி, ஏழரை மில்லி. இருப்பு பூஜ்யம். இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒரு நிமிசம் நில்லுங்க. நான் இத எடுத்து அனுப்புற எடத்துல வேல பாக்குறேன். கடைசி ஒண்ண எங்க அக்காவுக்குன்னு திருட்டுத்தனமாத் தொறந்துவிட்டேன். அது தப்பு. அது வேற ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டியது, அந்தப் பிள்ளைக்கே அனுப்பிட்டேன். அந்த வீட்டுக்காரங்க இதப் படிச்சா ஒண்ணும் கலங்க வேணாம், உங்களது பத்திரமா வருது. எங்க அக்கா பேரு சங்கரேஸ்வரி, சாத்தூர்ல பஸ் ஓட்டுனவ. இன்னும் பத்து நாள்தான் டைம் இருக்கு. இங்க ஒண்ணும் இல்ல. ஆனா உங்கள்ல நூத்தி நாப்பது பேர் வீட்டுல, ஆஸ்பத்திரில, பெட்டி பிரிக்காம இருக்கு. இல்லாமப் போயிருமோன்னு பயந்து வாங்கி வச்சிருப்பீங்க. அது தப்புன்னு சொல்ல எனக்கு யோக்கியத இல்ல, நானும் பயந்துதான் தொறந்தேன். ஒங்களுக்கு இப்பத் தேவையில்லைன்னா, பக்கத்துல இருக்கிற கண் ஆஸ்பத்திரில குடுத்துட்டு அவ பேரச் சொல்லுங்க. அவளுக்கு ஒண்ணு போதும். தயவுசெஞ்சு குளிர்ப்பெட்டியத் தொறந்து ஒருதடவ பாருங்க.